பனிக்கு ஒரு டயர், சேத்துக்கு ஒரு டயர்

அந்த ரீல்ஸ் உங்க ஃபோனுக்கும் வந்திருக்கும். கனடாவுல எங்கேயோ ஒரு மலை ரோடு. முழங்கால் அளவு பனி. ஒரு பெரிய பிக்கப் ட்ரக், முரட்டு டயர் போட்டுக்கிட்டு, பனியைக் கிழிச்சுக்கிட்டு மேல ஏறுது. பின்னாடி பிஜிஎம் வேற. அடுத்த நாளே நம்ம ஆளுங்க டயர் கடைக்குப் போய், "அண்ணே, ஆல் டெரெய்ன் இருக்கா?" என்று கேட்கிறார்கள்.

பட்டுக்கோட்டையில் பனி என்றால் மார்கழி மாசம் வைக்கோல் போர் மேல படியற ஈரம். அவ்ளோதான். ராத்திரி வெப்பநிலை 20 டிகிரிக்குக் கீழே இறங்குவதே அபூர்வம். ஆனா நமக்கும் ஒரு 'வின்டர்' இருக்கு. ஐப்பசி, கார்த்திகை. வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் தென்னந்தோப்புக்குள் போன பிக்கப் வெளியே வராது. நாலு பேர் தள்ளி, ரெண்டு பேர் தென்னமட்டையைச் சக்கரத்துக்கு அடியில் திணித்து, கடைசியில் யாராவது டிராக்டர் கொண்டுவந்து கயிறு கட்டி இழுத்து... இதெல்லாம் உங்களுக்குத் தெரிஞ்ச கதைதான்.

எங்க சித்தப்பா ஒரு பிக்கப் வைத்துத் தேங்காய் லோடு அடிக்கிறார். 2018 நவம்பர் 16-ல் கஜா வந்து தோப்புகளைச் சாய்த்த பிறகு, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் லோடு வண்டி வைத்திருந்தவர்கள் எப்படி இருந்தார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அப்புறம் வைத்த கன்றுகள் இப்போதான் ஓரளவு காய்க்கின்றன. வண்டிக்கும் இப்போதான் வேலை. இந்த நேரத்தில் நாலு டயரும் மாற்ற வேண்டும். "நீ மெக்கானிக்கல்தானடா படிக்கிற, அந்தக் கனடாக்காரன் டயரே போட்டுடலாமா?" என்று கேட்டார். அவருக்குச் சொன்ன பதிலின் நீளமான வடிவம்தான் இந்தக் கட்டுரை. ஒரு செட் டயர் என்பது அவருக்குப் பல வாரச் சம்பாத்தியம். தப்பான டயர் என்றால் பணம் மட்டும் போகாது. பின்னாடி லோடோட ஈர ரோட்டில் பிரேக் அடிக்கும்போது வண்டி நிற்குமா நிற்காதா என்பதும் அதில்தான் இருக்கு.

முதல்ல ஒரு கணக்கு

வண்டி எவ்வளவு பெரிசா இருந்தாலும், அது ரோட்டைத் தொடும் இடம் ரொம்பச் சின்னது. லோடு ஏத்தின பிக்கப்பில் ஒரு பின் சக்கரத்தில் 750 கிலோ இறங்குதுன்னு வைங்க. டயரில் 60 பிஎஸ்ஐ காத்து. அதாவது ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 4.2 கிலோ. 750-ஐ 4.2-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 178 சதுர செ.மீ. விரல்களோட சேர்த்து உங்க ஒரு கை அளவு. ஓடுறது, திரும்புறது, நிற்கிறது எல்லாமே இந்த மாதிரி நாலு கை அளவு ரப்பரை நம்பித்தான். டயர் பக்கச் சுவரின் விறைப்பும் கொஞ்சம் எடையைத் தாங்கும் என்பதால் கணக்கு அச்சு அசலாக வராது, ஆனா புரிஞ்சுக்க இது போதும்.

காத்தை 35 பிஎஸ்ஐக்கு இறக்கினால் அதே எடைக்கு அந்தப் பரப்பு 300 சதுர செ.மீ.யைத் தாண்டும். காத்து இறக்கினால் மண்ணில் அழுத்தம் குறையும், புதைவதும் குறையும். இதை மனசில் வைத்துக்கொள்ளுங்க, பின்னாடி வேணும்.

இனி டயர் மேலே இருக்கும் கட்டைகளுக்கு வருவோம். பாடப்புத்தகத்தில் இதுக்கு 'ட்ரெட் பிளாக்' என்று போட்டிருக்கும். தமிழ்ச் சொல் என்னவென்று யோசித்துக்கொண்டிருந்தபோது பஞ்சர் கடையில் ஒருத்தர், "பட்டன் தேஞ்சு போச்சு தம்பி" என்றார். பட்டன்! தேய்ந்த டயருக்குப் புது ரப்பர் ஒட்டினால் அது 'ரீபட்டன்'. இதைவிட நல்ல சொல் எனக்குக் கிடைக்கவில்லை, அதையே வைத்துக்கொள்கிறேன்.

பனியில் என்ன நடக்குது?

பனி பார்க்காத நாம பனியைப் பற்றி ஏன் படிக்கணும்? ரெண்டு காரணம். ஒன்று, நம்ம சீனியர்ஸ் பாதிப்பேர் டொரொன்டோவிலும் ஜெர்மனியிலும் இருக்காங்க. அடுத்த வருஷம் உங்களில் சிலரும் போவீங்க. ரெண்டு, பனி டயர் எப்படி வேலை செய்யுதுன்னு தெரிஞ்சாத்தான் அது நம்ம சேத்துக்கு ஏன் ஒத்து வராதுன்னு புரியும்.

முதல் விஷயம் ரப்பர். குளிர் ஏறினால் ரப்பர் விறைக்கும். நம்ம ஊரில் ஓடும் சாதாரண டயரை 7 டிகிரிக்குக் கீழே கொண்டுபோனால் அதன் பிடிப்பு குறைய ஆரம்பிக்கும். உறைநிலைக்கும் கீழே போனால் கட்டியான பிளாஸ்டிக் மாதிரி ஆகிவிடும். அதனால் பனி டயரில் குளிரிலும் நெகிழ்வாக இருக்கிற மாதிரி ரப்பர் கலவை போடுகிறார்கள், சிலிக்கா நிறையச் சேர்க்கிறார்கள். அப்படிப்பட்ட டயரைக் கொண்டுவந்து நம்ம சித்திரை வெயிலில், 50 டிகிரியைத் தாண்டிக் கொதிக்கிற தார் ரோட்டில் ஓட்டினால் பென்சில் ரப்பர் மாதிரி தேயும். வெளிநாட்டிலிருந்து வந்த பழைய டயர் என்று யாராவது மலிவாகக் கொடுத்தால், பக்கவாட்டில் மலையும் அதுக்குள்ள பனிப்பூவும் போட்ட முத்திரை இருக்கான்னு பாருங்க. இருந்தா அது குளிருக்குன்னு செஞ்சது. நமக்கு வேண்டாம்.

ரெண்டாவது விஷயம்தான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. பனியில் எது நல்லா ஒட்டும்? ரப்பர் இல்ல. பனியே! சின்ன வயசில் ஐஸ் கோலாக் கடையில் துருவின ஐஸை அழுத்தி உருண்டை பிடிப்பார்களே, அது எவ்வளவு கெட்டியா சேரும்? பனி டயர் அந்தக் குணத்தைத்தான் பயன்படுத்துகிறது. பட்டன் இடுக்குகளில் பனி போய் நிறையும், அழுந்தும், அங்கேயே நிற்கும். அந்தப் பனி ரோட்டில் கிடக்கிற பனியைக் கவ்விப் பிடிக்கும். பட்டன் மேல கத்தியால் கீறின மாதிரி மெல்லிய வெட்டுகள் நூத்துக்கணக்கில் இருக்கும், அதுக்குப் பேர் சைப். அந்த வெட்டுகள் விரிந்து நூத்துக்கணக்கான சின்ன விளிம்புகளாகிப் பனியைக் கடிக்கும். ஆக, பனி டயர் தன் இடுக்கில் நுழைந்ததை வெளியே விடாமல் வைத்துக்கொள்ளும். இந்த ஒரு வரியை அடிக்கோடு போட்டுக்கோங்க.

வெளிநாடு போகிறவர்களுக்காக ஒரு சின்ன விலகல். டயரில் 'எம் பிளஸ் எஸ்' என்று போட்டிருந்தால் சேறு, பனி இரண்டுக்கும் என்று அர்த்தம். ஆனா அது பட்டன்களுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி என்ற வடிவத்தை வைத்துக் கம்பெனி தானே போட்டுக்கொள்வது. பனியில் சோதித்துப் பார்த்துக் கொடுத்தது இல்ல. மலை-பனிப்பூ முத்திரைதான் சோதனை செய்து வருவது. அந்தச் சோதனையும் அமுங்கிய பனியில் வண்டி முன்னேறும் இழுவையை அளப்பதுதான். கண்ணாடி மாதிரி உறைந்த ஐஸில் பிரேக் பிடிக்குமான்னு அது சொல்லாது. ஆல் டெரெய்ன் டயர்களிலேயே சிலதுக்கு இந்த முத்திரை உண்டு, பலதுக்கு இல்ல. முரட்டுத் தோற்றத்தை வைத்து முடிவு பண்ணாதீங்க. கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை பனி டயர் கட்டாயம். ஒன்டாரியோவில் கட்டாயம் இல்ல, ஆனா போட்டவங்களுக்கு இன்சூரன்ஸ் கம்பெனி தள்ளுபடி கொடுக்கணும்னு 2016-லிருந்து விதி இருக்கு. ஜெர்மனியில் பனிக்கால ரோட்டுக்கு 2024 அக்டோபரிலிருந்து அந்த முத்திரைதான் கணக்கு, வெறும் எம் பிளஸ் எஸ் போதாது.

இன்னொன்று. நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி பனியில் கிளம்ப உதவும், நிற்க உதவாது. மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் பிரேக் அடித்தால் என்ன ஆகும்னு ஃபிசிக்ஸ்ல படிச்ச பழைய ஃபார்முலாவில் போட்டுப் பாருங்க. காய்ந்த தார் ரோட்டில் உராய்வு 0.7 என்றால் சுமார் 20 மீட்டர். ஈர ரோட்டில் அது 0.4-க்கு இறங்கினால் 35 மீட்டர். அமுங்கிய பனியில் 0.2 என்றால் 71 மீட்டர். ஐஸில் 0.1 என்றால் 142 மீட்டர். ரீல்ஸில் அந்த வண்டி மேலே ஏறுவதைத்தான் காட்டினார்கள். கீழே இறங்கி நிற்பதைக் காட்டவே இல்லை, கவனிச்சீங்களா?

நம்ம நாட்டிலும் பனி ரோடு இருக்கு. ஸ்ரீநகரில் ஆரம்பிக்கும் அதே தேசிய நெடுஞ்சாலை 44 தான் சேலம், நாமக்கல், கரூர், மதுரை வழியாகக் கன்னியாகுமரி வரை வருது. அங்கே குளிர்காலத்தில் பனி கொட்டினால் லாரிக்காரர்கள் சக்கரத்தில் இரும்புச் சங்கிலி மாட்டுகிறார்கள். சங்கிலி ஐஸைக் குத்திப் பிடிக்கும். வருஷத்தில் சில நாள் பனிக்காகத் தனி டயர் வாங்குவதைவிட, தேவைப்படும்போது மாட்டி, தார் ரோடு வந்ததும் கழற்றுவது. இதே யோசனையை நம்ம ஊர் வயலிலும் பார்க்கலாம், இரும்பின் வடிவம்தான் வேற.

சேறு நேர் எதிர்

வயலுக்கு வாங்க. சேறடிக்கிற டிராக்டரைப் பார்த்திருப்பீங்க. பின் டயரில் கட்டைகள் எவ்வளவு தள்ளித் தள்ளி இருக்கு? கட்டைக்கும் கட்டைக்கும் நடுவே உங்க முழங்கையே போகும். ஏன்னா சேறு பனி மாதிரி இல்ல. களிமண் சேறு இடுக்கில் நிறைந்துவிட்டால் டயர் மொழுமொழுன்னு ஒரு உருளை ஆகிவிடும். சேறு சேத்தைக் கவ்வாது, வழுக்கும். ஆகவே சேத்து டயர் தன் இடுக்கில் நுழைந்ததை ஒவ்வொரு சுற்றிலும் வெளியே எறியணும். டிராக்டர் டயரின் கட்டைகள் சாய்வாக, நடுவிலிருந்து ஓரத்துக்கு ஓடுவது இதுக்காகத்தான். நடுமுனை முதலில் மண்ணைத் தொட்டு, சேத்தை ஓரமாகத் தள்ளிவிடும். டயரைத் திருப்பி மாட்டினால் சேறு நடுவில் வந்து அடைந்துகொள்ளும். பக்கச் சுவரில் அம்புக்குறி போட்டிருப்பது அதனால்தான்.

அதாவது பனிக்கு ஏற்றது பிடித்து வைப்பது. சேத்துக்கு ஏற்றது உதறி எறிவது. ஒரே டயர் இரண்டையும் முழுசா செய்யமுடியாது. ஆல் டெரெய்ன் என்ற பெயர் எல்லா நிலத்துக்கும் ராஜா மாதிரி கேட்டாலும், உண்மையில் அது எல்லாத்துக்கும் நடுவே ஒரு சமரசம்.

நெல் வயலுக்கென்றே ஆர்-2 என்ற வகை டயர் உண்டு. சாதாரண டிராக்டர் டயரான ஆர்-1-ஐவிடக் கட்டைகளின் உயரம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அதுவும் போதாது என்றால் கேஜ் வீல். இரும்புக் கம்பிகளை வட்டமாக வைத்துச் செய்த கூண்டு. டயருக்குப் பக்கத்தில் மாட்டுவார்கள். இதில் இடுக்கு என்றே ஒன்று இல்ல, எல்லாமே திறந்தவெளி. சேறு அடைய வழியே கிடையாது. மேலே சேறு இருந்தாலும், வருஷா வருஷம் உழுது உழுது அடியில் இறுகிப்போன ஒரு படுகை இருக்கும். கம்பிகள் சேத்தைத் தாண்டி அதைப் போய்க் குத்தி நடக்கும். என் கணிப்பில், காஷ்மீர் லாரியின் சங்கிலிக்கு டெல்டாவில் இருக்கும் பங்காளி இதுதான். அதே கேஜ் வீலோட தார் ரோட்டில் ஏறினால் ரோடு கொத்துக்கறி. அதனால்தான் கழற்றிவிட்டு ரோட்டுக்கு வாங்க என்று ஒவ்வொரு நடவுக்கும் எச்சரிக்கை வருது.

டிராக்டர் டயரில் காத்து எவ்வளவு தெரியுமா? வயலில் சுமார் 12 பிஎஸ்ஐ. நம்ம பிக்கப்பின் 60-க்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்க. அவ்வளவு பெரிய எந்திரம், மண்ணில் ஒரு சதுர செ.மீ.க்கு ஒரு கிலோ கூடப் போடுவதில்லை.

எந்த மண்ணு?

சித்தப்பா கேட்டதுக்கு நான் திருப்பிக் கேட்ட முதல் கேள்வி இதுதான். அவர் சிரித்தார். "மண்ணுதான்டா, இதுல என்ன எந்த மண்ணு?" ஆனா சிவில் டிபார்ட்மென்ட் நண்பர்களைக் கேளுங்க, மோர்-கூலம்ப் விதியை ஒப்பிப்பார்கள். மண்ணின் பிடிப்பு ரெண்டு விஷயத்திலிருந்து வருது. ஒன்று, துகள்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்ளும் ஒட்டு. இன்னொன்று, துகள்கள் உரசிக்கொள்ளும் உராய்வு. களிமண்ணுக்கு முதல் வகைதான் பலம், மேலே எவ்வளவு எடை போட்டாலும் பிடிப்பு பெருசா கூடாது. மணலில் ஒட்டு கிட்டத்தட்டப் பூஜ்யம், எல்லாமே உராய்வு.

இதனால் என்ன? களியில் ஆழமான கட்டை உள்ள டயர், மேல் வழவழப்பைத் தாண்டி அடியில் கெட்டியான மண்ணைத் தொடும், உதவும். மணலில் அதே டயர் தோண்டும். அந்தக் கட்டைகள் மண்வெட்டி மாதிரி வேலை செய்து, ஆக்ஸில் தரையைத் தொடும் வரை குழி பறிக்கும். மணலில் வேண்டியது பரப்பு. அதாவது காத்தை இறக்குவது. டயர் மாற்றவே தேவையில்லை.

இப்போ நம்ம ஊர் மண்ணைப் பாருங்க. தஞ்சாவூர் டெல்டா என்றாலே வண்டல், களி என்று எல்லாரும் நினைப்பார்கள். ஆனா பட்டுக்கோட்டை, ஒரத்தநாடு, பேராவூரணி எல்லாம் பழைய டெல்டா இல்ல. 1934-ல் மேட்டூர் அணை முடிந்தபோது, கல்லணைக் கால்வாய் வழியாகத் தண்ணி வந்து வயலான பகுதி. இங்கே செம்மண்ணும் மணல் கலந்த மண்ணும்தான் அதிகம். தென்னை இங்கே இப்படிப் பெருகினதுக்கு அந்த மண்ணும் ஒரு காரணம். வடக்கே, கிழக்கே தள்ளி மன்னார்குடி, திருத்துறைப்பூண்டிப் பக்கம் போனால்தான் காலைக் கவ்வுகிற களி. எனவே மன்னார்குடியில் ஒரு வண்டிக்காரருக்குச் சரியான டயர், இங்கே பேராவூரணித் தோப்பில் அதிகம் தோண்டிக்கொண்டு நிற்கலாம். நம்ம பகுதியிலும் வாய்க்கால் ஓரத் தாழ்ந்த நிலத்தில் களி உண்டு. அதனால் உங்க வண்டி எந்தத் தோப்புக்குப் போகுது, மழை பெய்தால் அங்கே மண் செருப்பில் ஒட்டிக்கொண்டு வருதா, உதிருதா என்று பாருங்க. செருப்பைவிட நல்ல சோதனைக்கூடம் இல்ல.

மண்ணைவிட அதிகம் ஓடுவது தாரில்

இதுதான் எல்லாரும் மறக்கிற விஷயம். சித்தப்பா வண்டி ஒரு லோடுக்குத் தோப்புக்குள் போவது சில நூறு மீட்டர். அப்புறம் காங்கேயம் வரைக்கும் தார் ரோடுதான். வண்டியின் வாழ்க்கையில் நூத்துக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் தாரில்தான். அந்த ரோட்டில் மழை நேரத்தில் வேலை செய்கிற டயர் எது?

தார் ரோட்டில் தேங்கிய தண்ணியை டயர் ஒவ்வொரு நொடியும் ஒதுக்கித் தள்ளணும். தள்ள முடியாத வேகம் ஒன்று வரும். அப்போ டயர் தண்ணி மேலே மிதக்க ஆரம்பிக்கும், ஸ்டியரிங்கும் பிரேக்கும் வெறும் பேருக்குத்தான். இதுக்கு அமெரிக்க நாசாவில் வால்டர் ஹார்ன் என்பவர் 1960-களில் விமான டயர்களை வைத்து ஒரு எளிய கணக்கு கண்டுபிடித்தார். காத்தழுத்தத்தை பிஎஸ்ஐயில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 16.7-ஆல் பெருக்கினால், வழவழப்பான டயர் மிதக்கத் தொடங்கும் வேகம் கிலோமீட்டரில் கிடைக்கும். 30 பிஎஸ்ஐ உள்ள காருக்குச் சுமார் 91. காத்து குறைந்து 20-க்கு வந்தால் 75-க்கும் கீழே. காத்து குறைவாக ஓட்டுவது தோப்பில் நல்லது, தாரில் ஆபத்து என்பது இப்போ புரியுதா? 60 பிஎஸ்ஐ பிக்கப்புக்கு 129 வருதே, நாம அவ்ளோ வேகம் போறதே இல்லையேன்னு சந்தோஷப்படாதீங்க. லோடு இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் வண்டியில் டயர் ரோட்டைத் தொடும் இடம் சுருங்கிப்போகும். அதனால் இந்தக் கணக்கு சொல்வதைவிடக் குறைந்த வேகத்திலேயே மிதக்கும். காலி வண்டிதானேன்னு மழையில் விரட்டுவது அதனால்தான் தப்பு.

முரட்டுக் கட்டை டயர்களில் தண்ணி ஒதுக்க இடம் இருக்கும், ஆனா ரோட்டைத் தொடும் ரப்பர் கம்மி. உயரமான கட்டைகள் பிரேக் அடிக்கும்போது வளையும், ஆடும். சத்தம் வேற, டீசலும் கூடக் குடிக்கும். நடுத்தரமான ஆல் டெரெய்னில் இந்தக் குறைகள் மட்டு. சேத்துக்கென்றே வரும் மட் டெரெய்னில் அதிகம். டெல்டாவில் இன்னொரு தொல்லை உண்டு. வயலிலிருந்து ஏறும் டிராக்டர்கள் ரோட்டில் களி அப்பிவிட்டுப் போகும். அதுக்கு மேல ஒரு தூறல் விழுந்தால் போதும், கிரீஸ் தடவின மாதிரி. அங்கே எந்த டயரும் உங்களைக் காப்பாற்றாது, வேகத்தைக் குறைப்பதுதான் ஒரே வழி.

நாலு சக்கர வண்டி டயரில் பட்டன் பள்ளம் குறைந்தது 1.6 மில்லிமீட்டர் இருக்கணும்னு மோட்டார் வாகன விதி சொல்லுது. பள்ளத்துக்குள் குறுக்கே சின்னத் திட்டு வைத்திருப்பார்கள், பட்டன் தேய்ந்து அந்தத் திட்டோட சமமாகிவிட்டால் டயர் முடிந்தது. ஆனா அது சட்டத்தின் எல்லை. மழைக்கால ரோட்டுக்கு அதை நம்பி இருக்காதீங்க. தண்ணியை ஒதுக்கும் வேலை அந்தத் திட்டு வருவதற்கு முன்னாடியே கெட்டுப்போகும்.

கடையில் பார்க்க வேண்டியது

டயர் பக்கத்தில் எழுதியிருப்பதைப் படிங்க. உதாரணமாக 195/80 ஆர் 15, அப்புறம் 106/104. முதல் எண் அகலம் மி.மீ.யில், 80 என்பது அகலத்தில் எத்தனை சதவீதம் பக்கச் சுவரின் உயரம், ஆர் என்றால் ரேடியல், 15 என்பது ரிம் அங்குலத்தில். எல்லாரும் அதோட நிறுத்திவிடுவார்கள். லோடு வண்டிக்காரர் பார்க்க வேண்டியது கடைசி எண்ணை. 106 என்றால் ஒரு டயர் 950 கிலோ தாங்கும். 104 என்றால் 900, அது ஒரே பக்கத்தில் ஜோடியாக மாட்டும்போது. கார்களுக்கும் எஸ்யூவிகளுக்கும் வரும் ஆல் டெரெய்ன் டயர்களில் இந்த எண் குறைவாக இருக்கலாம். 100 என்று இருந்தால் 800 கிலோதான். பார்க்க முரடு, தாங்குவது கம்மி. உரித்த தேங்காய் ஒன்று அரைக் கிலோவுக்கு மேல். 2,500 காய் ஏற்றினால் ஒன்றேகால் டன், அதோட வண்டியின் சொந்த எடை. இதில் பெரும்பங்கு பின் ரெண்டு டயர் மேலேதான். 106-க்குப் பதில் 100 மாட்டினால் பின் அச்சில் மட்டும் 300 கிலோ இழப்பு. கம்பெனி கொடுத்த எண்ணுக்குக் கீழே இறங்கவே கூடாது. சித்தப்பா ரீல்ஸில் பார்த்து மயங்கின டயர் இந்த இடத்தில்தான் ரிஜெக்ட் ஆனது.

நம்ம லாரிக்காரர்கள் ஆல் டெரெய்ன் என்ற வார்த்தை வருவதுக்கு முன்னாடியே ஒரு விடை கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். முன்னாடி ரிப், பின்னாடி லக். ரிப் என்றால் சுற்றிலும் நீளக் கோடு போட்டது. திருப்புவதுக்கும், ஈர ரோட்டில் நேராகப் போவதுக்கும் நல்லது. லக் என்றால் குறுக்குக் கட்டை. இழுக்கும் பின் சக்கரத்தில் மண்ணைக் கடிக்கும். பிக்கப்புக்கும் லோடு எண் சரியாக இருக்கும் ரிப்பும், ரொம்ப முரட்டுத்தனமில்லாத லக்கும் கிடைக்குது. தோப்பும் தாரும் மாறி மாறி ஓடும் வண்டிக்கு என் ஓட்டு அதுக்குத்தான். ரேடியலையும் நைலானையும் ஒரே அச்சில் கலக்காதீங்க. ரீபட்டன் போடுவதாக இருந்தால் முன் சக்கரம் வேண்டாம். அது வெடித்தால் ஸ்டியரிங் கையில் நிற்காது. அமெரிக்காவில் பஸ்களின் முன் சக்கரத்தில் ரீபட்டன் போடவே சட்டம் விடுவதில்லை. வாரத்தில் ஏழு நாளும் களியில் புரளும் வண்டி என்றால் கதை வேறு, அங்கே ஆழமான கட்டைக்கு ஒரு நியாயம் இருக்கு. சொந்த எஸ்யூவியில் பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் போய்வர ஆல் டெரெய்ன் போட்டிருக்கும் நண்பர்களே, உங்களை நான் ஒன்னும் சொல்லல. பார்க்க நல்லாத்தான் இருக்கு.

சரி, தோப்பு? அங்கே டயரைவிட ஒரு காத்து மெஷின் உதவும். பேட்டரியில் ஓடும் சின்ன கம்ப்ரஸர். தோப்பு மணலாக இருந்தால் உள்ளே போகும் முன், வண்டி காலியாக இருக்கும்போதே காத்தை இறக்குங்க. லோடோட வெளியே வரும்போது நடக்கும் வேகத்துக்கு மேல் வேண்டாம், திடீரென்று ஒடிக்கவும் வேண்டாம். தார் ரோடு வந்ததும் நிறுத்தி, பழைய அளவுக்கு நிரப்பிவிட்டுத்தான் கிளம்பணும். காத்து குறைந்த டயர் லோடோட ஓடினால் பக்கச் சுவர் மடங்கி மடங்கிச் சூடேறி வெடிக்கும். மாட்டிக்கொண்டால் ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதீங்க. சக்கரம் ஒரு சுற்று வீணாகச் சுற்றினால் ஒரு விரல் ஆழம் கூடுதலாகத் தோண்டும். தென்னமட்டையைச் சக்கரத்துக்கு நேர் முன்னாடி, உள்வளைவு கீழே இருக்குமாறு வைத்து, மெதுவாக ஏற்றணும். அகலமான மட்டை எடையைப் பரப்பிக்கொடுக்கும், மேலே சொன்ன 178 சதுர செ.மீ.யை அது பல மடங்கு ஆக்குது. வெளிநாட்டில் இதுக்கென்று பிளாஸ்டிக் பலகை செய்து நல்ல விலைக்கு விற்கிறார்கள். நமக்கு மரத்திலிருந்து விழுது.

வாங்கும்போது தேதியையும் பாருங்க. பக்கச் சுவரில் ஒரு நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும். 3224 என்றால் 2024-ன் 32-வது வாரம் செய்தது. பட்டன் புதுசாக இருந்தாலும் பல வருஷம் கிடங்கில் கிடந்த ரப்பர் விறைத்திருக்கும். அப்புறம், ஐப்பசி மழை ஆரம்பித்த பிறகு கடைக்கு ஓடாதீங்க. புது டயர் மேலே, அச்சிலிருந்து எடுக்கும்போது ஒட்டாமலிருக்கத் தடவின பொருளின் மெல்லிய படலம் இருக்கும். முதல் சில நூறு கிலோமீட்டர் ஓடித் தேய்ந்த பிறகுதான் முழுப் பிடிப்பு வரும். அந்தக் கிலோமீட்டரை ஆவணி, புரட்டாசி வெயிலில், காய்ந்த ரோட்டில் ஓட்டி முடிச்சுடுங்க.